வேலியிலிருந்து மூன்றாவது மரம்

தோப்பு வீடு, பனவடலிசத்திரம்
11.8.2024

வேல்விழி அம்மாவுக்கு,

உங்க தென்னந்தோப்புக்கு மேக்க, பேரீச்சை போட்டிருக்கிற சைஃபுல்லா எழுதுதேன்.

நீங்க என் நம்பரை பிளாக் பண்ணிட்டீங்க. போன வாரம் உங்க பள்ளிக்கூட ஆபீசுக்கு ஒரே நாள்ல ஆறு தடவை போன் அடிச்சது என் தப்புதான். பீஸ் கட்ட வந்த ஆளுக முன்னால உங்களுக்குச் சங்கடமாப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். ஆனா சொல்ல வேண்டிய விஷயம் அப்படியே நிக்குது. அதனால சங்கரன்கோவிலுக்குப் பதிவுத் தபால்ல அனுப்புதேன்.

மே மாசக் காத்துல உங்க தோப்புல ஏழு தென்னை கொண்டை முறிஞ்சு விழுந்துச்சு. மூணு மாசமா அந்த மொட்டை மரத்தை வெட்டாம அப்படியே விட்டிருக்கீங்க. முறிஞ்ச இடத்துல சாறு புளிச்சு நாறுது. அந்த வாடைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். மரத்துல காயம் இருந்தா போதும், பொட்டை வண்டு மூக்கால ஒரு குழி போட்டு முட்டை வச்சிரும். மூணு நாலு நாள்ல பொரிச்சுப் புழு உள்ள போயிரும். பெறவு வெளிய நின்னு பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மரம் பச்சையாவே இருக்கும்.

என் அறுபத்தி நாலு பேரீச்சையில ரெண்டு மரத்தோட தூர்ல பழுப்புத் தண்ணி வடியுது. ரெண்டுமே உங்க வேலியை ஒட்டி நிக்கிற மரம். அந்த ஏழையும் வெட்டிப் பிளந்து எரிச்சிருங்க. ஆள் இல்லைன்னா நானே ஆள் விடுதேன். நீங்க வந்து நிக்கக் கூட வேண்டாம்.

சைஃபுல்லா

---

சங்கரன்கோவில்
19.8.2024

திரு. சைஃபுல்லா அவர்களுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்ததால் தபாலாபீசுக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. உங்களால் எனக்கு வந்த அலைச்சலில் அதுவும் ஒன்று.

என் அப்பா ஆவுடையப்பன் அந்தத் தோப்பை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அதில் பத்து வருஷம் பக்கத்து நிலம் தரிசாகத்தான் கிடந்தது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரு மரத்தில் ஓட்டை விழுந்ததில்லை. ஆறு வருஷம் முன்னால் நீங்கள் சவுதியில் இருந்து வந்தீர்கள், பேரீச்சங்கன்று வைத்தீர்கள். இன்று மரம் நாறுகிறது, வண்டு வருகிறது என்கிறீர்கள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று எண்ணத் தெரிந்தவர்களுக்குப் புரியும். பனவடலியில் எல்லாரும் இதைச் சவுதி வண்டு என்றுதான் சொல்கிறார்கள். நான் வைத்த பெயர் இல்லை.

அந்த ஏழு மரமும் பயிர்ச் சேதக் கணக்குக்காக நிற்கிறது. பார்வையிட ஆள் வந்து பார்த்த பிறகுதான் வெட்ட முடியும். எப்போது வெட்டுவது என்பதை நான் முடிவு செய்வேன். உங்கள் ஆட்கள் யாரும் என் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது.

வேல்விழி

---

பனவடலிசத்திரம்
2.9.2024

வேல்விழி அம்மாவுக்கு,

சவுதி வண்டுன்னு நீங்க எழுதினதைப் படிச்சேன்.

நான் சவுதியில அல்-ஹஸாவுல பத்தொம்பது வருஷம் பேரீச்சந்தோட்டத்துல வேலை பார்த்தவன். அங்க அரபிக்காரங்க இதுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? இந்திய வண்டு. நம்ம நாட்டுப் பக்கத்துலதான் இது காலங்காலமா தென்னையில இருந்திருக்கு. நாப்பது வருஷத்துக்கு முன்னால வரைக்கும் அரபு நாட்டுல இதை யாரும் கண்டதில்லை. யாரோ கொண்டு போன கன்னோட போய் இறங்கிச்சு. அதுக்குப் பெறவு கன்னு போன இடமெல்லாம் இதுவும் போச்சு. ஒரு மரம் சாஞ்சா எங்க முதலாளி மரத்தைப் பாக்க மாட்டான், எங்க மூஞ்சியப் பார்ப்பான். அங்க நான் இந்திய வண்டு கொண்டு வந்தவன். ஊருக்கு வந்தா சவுதி வண்டு கொண்டு வந்தவன். இது நஸீப்தான், என் தலையெழுத்து, வேற என்ன சொல்ல.

நீங்க படிச்சவங்க, அதனால விவரமாச் சொல்லுதேன். ஒரு பொட்டை வண்டு இருநூறு, முந்நூறு முட்டை வைக்கும். புழு ஒண்ணு ரெண்டு மாசம் உள்ளேயே மேஞ்சு தடிக்கும். பெறவு மரத்து நாரையே சுத்திக் கூடு கட்டிக்கிட்டு உறங்கும். முட்டையில இருந்து வண்டாகி வெளிய வர நாலு மாசம். வெளிய வந்தது உடனே அடுத்த மரம் தேடாது. அதே மரத்துக்குள்ள திங்கச் சோறு இருந்தா அங்கனயே ஜோடி சேர்ந்து முட்டை வைக்கும். சோறு தீர்ந்த பெறவுதான் பறக்கும். ஒரு கிலோமீட்டர் சாதாரணமாப் பறக்கும். உங்க மரத்துக்கும் என் மரத்துக்கும் நடுவுல இருக்கிறது இருபது அடி.

நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணு மட்டும் செய்யுங்க. என் மோட்டார் ரூமுக்கு நேரா உள்ள வரிசையில, வேலியிலிருந்து மூணாவது தென்னை. ஏழு மொட்டை மரத்துல சேராதது, நல்லாக் காய்க்கிற மரம். ரெண்டு ஆள் உசரத்துக்கு மேல அதுல மூணு ஓட்டை இருக்கு, ஓட்டை வாயில சப்பிப் போட்ட நார் தொங்குது. வேலிக்கு வெளிய நின்னே பாத்தேன், உள்ள வரல. அந்த மரத்துல காதை வச்சுக் கேளுங்க. யாரோ சோளத்தட்டை மெல்லுத மாதிரிக் கேக்கும்.

சைஃபுல்லா

---

சங்கரன்கோவில்
27.10.2024

திரு. சைஃபுல்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவது ஒரு தகவலுக்காக.

விவசாய ஆபீசில் போய்க் கேட்டேன். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கச் சொன்னார்கள். ஆண் வண்டு விடுகிற வாசனையை மருந்தாகச் செய்து ஒரு சின்னப் பாக்கெட்டில் அடைத்துத் தருகிறார்கள். அதை பக்கெட்டில் தொங்கவிட்டு, கீழே வெல்லத் தண்ணீரும் ஈஸ்ட்டும் ஊற்றி வைத்தால் வண்டு தானாக வந்து விழும். நான்கு பக்கெட் வாங்கிப் போன ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டேன். தோப்புக்குள் வைத்தால் வண்டைத் தோப்புக்குள் கூப்பிட்டது மாதிரி ஆகும் என்று சொன்னதால் நான்கையும் மேற்கு வேலியில் கட்டியிருக்கிறேன்.

ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டீர்கள். செய்துவிட்டேன். இனிமேல் குறை சொல்ல உங்களுக்கு ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

வேல்விழி

---

பனவடலிசத்திரம்
20.11.2024

வேல்விழி,

அம்மான்னு எழுத இன்னிக்கு மனசு வரல.

மேக்க வேலியில பக்கெட்டைக் கட்டினீங்களே, அதுக்கு மேக்க என்ன இருக்குன்னு யோசிச்சீங்களா? என் மரம் இருக்கு. ஆறு வயசு மரம், இடுப்பு உசரத்துல இளந்தூர், அதுக்குப் பிடிச்ச சாப்பாடு. அந்த வாசனைக்குச் சுத்துவட்டாரத்து வண்டெல்லாம் வரும். வந்ததுல பாதி பக்கெட்ல விழும். மிச்சம் பக்கத்துல எது தோதா இருக்கோ அதுல போய் உக்காரும். தோப்புக்குள்ள கூப்பிடக் கூடாதுன்னு உங்களுக்குச் சொன்னாங்க, உங்களுக்கும் விளங்கியிருக்கு. அதனால அதை என் தோப்புக்குள்ள கூப்பிட்டு விட்டீங்க.

ஆகஸ்ட்டுல ரெண்டு மரம். இன்னைக்குப் பதினொண்ணு. நேத்து ஒரு மரத்தோட நடுக்குருத்தை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தேன், கையோட வந்திட்டு. அடியில கூழு. இந்த வருஷம்தான் அந்த மரம் முதல் குலை தள்ளுச்சு.

உங்க நாலு பக்கெட்டையும் நான்தான் அறுத்து எடுத்தேன். எடுக்கும்போது ஒண்ணுல மட்டும் அறுபத்தொரு வண்டு கிடந்துச்சு. எல்லாத்தையும் மண்ணெண்ணெய் ஊத்திக் கொன்னுட்டு பக்கெட்டைக் கழுவி உங்க கேட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். களவாண்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாதுல்லா.

இன்னொண்ணையும் ஒத்துக்கிடுதேன். உங்ககிட்ட விதைத்தேங்காய் எடுக்க வந்த வியாபாரிகிட்ட டீக்கடையில வச்சு, அந்தத் தோப்பு பூரா வண்டு வச்சது, பாத்து எடும்னு சொன்னது நான்தான். அவர் எடுக்காமப் போனதுக்கு அதுதான் காரணம். வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். சொன்னதுல பொய் ஒண்ணும் கிடையாது.

சைஃபுல்லா

---

சங்கரன்கோவில்
1.12.2024

திரு. சைஃபுல்லா,

என் பொருளை அறுத்தது நீங்கள். என் வியாபாரத்தைக் கெடுத்தது நீங்கள். இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியதற்கு நன்றி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கன்று போன இடமெல்லாம் வண்டும் போகும் என்று செப்டம்பர் இரண்டாம் தேதி எனக்குப் பாடம் எடுத்தீர்கள். செப்டம்பர் பதினைந்தாம் தேதி உங்கள் தோப்பில் இருந்து மரத்தடியில் முளைத்த பன்னிரண்டு பக்கக் கன்று வெட்டிக் கரிவலம்வந்தநல்லூருக்கு விற்றிருக்கிறீர்கள். லோடு ஆட்டோவில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தோப்பில் வண்டு இருப்பது தெரிந்தே விற்றீர்களா? இல்லை, நல்ல மரத்துக் கன்று என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்களா? அதை வாங்கியவரிடமும் டீக்கடையில் வைத்து எச்சரித்தீர்களா?

அப்புறம் நீங்கள் சொன்ன மூன்றாவது மரம். எனக்குக் கண் இருக்கிறது. ஓட்டை இருப்பது தெரியும். ஆள் வைத்து ஓட்டைக்குள் மருந்து ஊற்றி சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. தட்டினால் கொஞ்சம் பொள்ளலாகத்தான் சத்தம் கேட்கிறது. ஆனாலும் போன வெட்டில் முப்பத்தைந்து காய் கொடுத்த மரம் அது. நீங்கள் சொன்னதற்காக வெட்ட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இனிமேல் என் மரத்தைப் பற்றி யாரிடமும், வியாபாரியோ வேலையாளோ யாராக இருந்தாலும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் உங்கள் நவம்பர் கடிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது உங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது.

வேல்விழி

---

பனவடலிசத்திரம்
17.2.2025

வேல்விழிக்கு,

உங்க தோப்புல தேங்காய் வெட்ட வந்த பாண்டியராஜன் மரத்துல இருந்து விழுந்து இன்னையோட பதினொரு நாள்.

மோட்டார் ரூமுக்கு நேர் வரிசை, வேலியிலிருந்து மூணாவது மரம். முப்பது அடியில மரம் ஏறுத மிஷினைப் போட்டு நின்னு மேல்குலையை வெட்டப் போனப்போ, அவனுக்குக் கீழ மரம் முறிஞ்சிட்டு. முறிஞ்ச இடத்துல உள்ள மரமே இல்லை. வெறும் பஞ்சும் புழுவும். உங்க சிமெண்ட் மட்டும் கல்லு மாதிரி முழுசா நிக்கி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில முதுகுல ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. இடுப்புக்குக் கீழ தொட்டா தெரியல. நாப்பத்தோரு வயசு.

போலீஸ்காரங்க கேட்டதுக்கு நீங்க என்ன சொல்லியிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும். மரம் நல்ல மரம், அன்னைக்குக் காத்து கூடுதல், அவன் மிஷினைச் சரியா மாட்டலன்னு சொல்லியிருக்கீங்க. அவன் பொண்டாட்டி ஆறுமுகத்தாயும் அதைக் கேட்டுக்கிட்டு, எம் புருஷன் பதினெட்டு வருஷம் ஏறினவன், மிஷினை மாட்டத் தெரியாதான்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டுத் திரியுதா.

உங்க டிசம்பர் ஒண்ணாம் தேதிக் கடிதம் எங்கிட்ட இருக்கு.

சைஃபுல்லா

---

சங்கரன்கோவில்
22.2.2025

பாய்,

அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மிரட்டலாக எழுதவில்லை. மிரட்டத் தெம்பு இருந்தால் வக்கீல் மூலமாக எழுதியிருப்பேன். நான் தனியாக ஒரு பெண் குழந்தையை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் பெயரில் கேஸ் என்று தெரிந்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. பள்ளிக்கூட வேன் வரவில்லை என்று நான்கு பெற்றோர் கவுண்டரில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டியராஜன் தோப்பில் இருந்து போன் செய்தார். "அக்கா, எல்லா மரமும் ஏறலாம்லா?" என்று கேட்டார். ஏறுங்கள் என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்த மரம் ஞாபகம் வந்தது. திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கவுண்டரில் ஒருவர் என் பெயரைச் சொல்லித் திட்டினார். அவருக்குப் பதில் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது. அவர் நம்பரில் இருந்துதான். ஆனால் பேசியது வேறு ஆள்.

போலீஸ் கேட்டபோது காற்று என்ற சொல் முதலில் வாயில் வந்தது. அதற்குப் பிறகு அதை மாற்ற முடியவில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆறு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் நீங்கள். இப்போது கையில் ஒரு காகிதம் கிடைத்துவிட்டது. என்ன வேண்டும் உங்களுக்கு? தோப்பு வேண்டுமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வேல்விழி

---

பனவடலிசத்திரம்
3.3.2025

வேல்விழிக்கு,

உங்க தோப்பு எனக்கு வேண்டாம். கேட்டதே எனக்குக் கேவலமா இருக்கு.

நேத்து நோன்பு ஆரம்பிச்சிட்டு. நோன்பு வச்சுக்கிட்டு ஒரு விஷயத்தை மறைச்சு வைக்க முடியல. அதனால இதை எழுதுதேன். நீங்க எழுதினதுக்குப் பதில்னு நினைக்காதீங்க.

அன்னைக்குக் காலையில நான் மோட்டார் போட்டுட்டு ரூம் வாசல்ல நின்னேன். பாண்டியராஜன் மிஷினைத் தோள்ல போட்டுக்கிட்டு வேலியோரமா வந்தான். "என்ன பாய், சாப்ட்டாச்சா"ன்னு கேட்டான். ஆச்சுன்னேன். நீ என்ன, இன்னைக்கு இங்கனயான்னு கேட்டேன். ஆமா, மதியத்துக்குள்ள முடிச்சிட்டு இளையரசனேந்தல் போகணும்னான். பேசிக்கிட்டே முதல் மரத்துல ஏறினான், இறங்கினான். ரெண்டாவது மரத்துல ஏறினான். நான் அங்கனயே நிக்கேன். அடுத்தது மூணாவதுன்னு எனக்குத் தெரியும்.

அவன் அதுல மிஷினை மாட்டும்போது எனக்கும் அவனுக்கும் நடுவுல எழுபது அடி கூட இல்லை. "ஏலே, அது வேண்டாம், பொக்கை மரம்"னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்போ உங்க கடிதம் நினைவுக்கு வந்துச்சு. யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எழுதினீங்களே, அது. சரி, அவங்க மரம், அவங்க ஆளு, முறியட்டும், முறிஞ்சாத்தான் இந்தப் பொம்பளைக்குப் புத்தி வரும்னு நினைச்சேன். மரம்தான் முறியும்னு நினைச்சேன். மரத்துல மனுஷன் இருக்கான்னு நினைக்கல. நான் திரும்பி ரூமுக்குள்ள போய் வால்வைத் திருகினேன். திருக வேண்டிய வேலையே இல்லை. சத்தம் கேட்டுத்தான் வெளிய ஓடி வந்தேன்.

பத்தொம்பது வருஷம் இந்த வண்டோட மல்லுக்கட்டினவன் நான். எந்த மரம் எப்போ முறியும்னு அந்தத் தோப்புல என்னைவிடத் தெரிஞ்ச ஆள் கிடையாது. நீங்க போன்ல மறந்தீங்க. நான் மறக்கல.

நேத்து பாளையங்கோட்டைக்குப் போனேன். வார்டுக்கு வெளிய ஆறுமுகத்தாய் உக்காந்திருந்தா. என் பங்கை மட்டும் அவகிட்டச் சொன்னேன். மரம் பொக்கைன்னு எனக்கு முன்னாலயே தெரியும், அவன் ஏறுததைப் பாத்துக்கிட்டு நின்னேன்னேன். அவ அழல, ஏசல. "நீரு ஏன்வே கூப்பிடல?"ன்னு கேட்டா. அதையே மூணு தடவை கேட்டா.

உங்க பங்கு எதையும் நான் சொல்லல. கடிதத்தையும் காட்டல. அது நீங்க போய்ச் சொல்ல வேண்டியது. திருப்பித் தாங்கன்னு கேட்டீங்க. தர மாட்டேன். நீங்க போகலைன்னா நோன்பு முடிஞ்சதும் நானே கொண்டு போய்க் கொடுப்பேன்.

கரிவலத்துக்கு வித்த கன்னு விஷயத்துல நீங்க சொன்னது சரி. நல்ல மரத்துக் கன்னுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

சைஃபுல்லா

---

சங்கரன்கோவில்
16.3.2025

சைஃபுல்லா பாய்க்கு,

நேற்று போனேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் அதை எடுப்பதும் படிப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். படிக்கப் படிக்க உங்கள் மேல் வெறுப்புதான் கூடியது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் கொஞ்சமாவது நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் இருந்தார் என்று தெரிந்ததும், பாவத்தை முழுக்க உங்கள் தலையில் போட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனால் நான் தப்பித்துவிடுவேன். பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். அங்கே இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பாண்டியராஜன் முழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆறுமுகத்தாய் பக்கத்தில் இருந்தார். மரத்தில் ஓட்டை இருந்தது எனக்கு செப்டம்பரில் இருந்தே தெரியும், அடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, போலீசிடம் சொன்னது பொய் என்றேன். ஆறுமுகத்தாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டு போய் விட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "போயிருங்க" என்று மட்டும் சொன்னார்.

படியில் இறங்கும்போது உள்ளேயிருந்து பாண்டியராஜன் கூப்பிடுகிறார் என்று நர்ஸ் வந்து சொன்னார். திரும்பிப் போனேன். அவர் என்னைத் திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை.

"இன்னும் எத்தனை மரம் அந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். "எம் மச்சினன் இப்ப எனக்குப் பதிலா ஏறுதான். அந்தச் சுத்துல நாலு தோப்பு அவன் கையில இருக்கு. எதுல ஏறலாம், எதுல ஏறக் கூடாதுன்னு யாராவது பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஓட்டை தெரியும். ஓட்டை இல்லாத மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. விவசாய ஆபீஸ்காரருக்குப் போன் செய்து கேட்டேன். ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அவர் மச்சினன் 24ஆம் தேதி திங்கட்கிழமை ஏறுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை 23ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வாருங்கள். வேலியில் ஒரு இடத்தைப் பிரித்து வைக்கிறேன். முதலில் என் தோப்பு, அப்புறம் மற்றவர்களுடையது. தட்டிப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள், நான் பெயிண்ட் அடிக்கிறேன். வேறு எதையும் பேச வேண்டியதில்லை. உங்களை மன்னித்ததாக நினைக்க வேண்டாம். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம்.

வேல்விழி

---

பனவடலிசத்திரம்
28.4.2025

வேல்விழிக்கு,

நேத்துத் தோப்புல வேலை முடிஞ்சிட்டு. சனிக்கிழமை பள்ளிக்கூட வேலைன்னு நீங்க வர முடியாத அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்னு எழுதுதேன்.

நாம பெயிண்ட் அடிச்ச உங்க முப்பத்தோரு தென்னையும் வெட்டியாச்சு. உங்க மொட்டை மரம் ஏழும் அதுல சேர்த்திதான். பக்கத்து மூணு தோப்புலயும் சேர்த்துப் பத்தொம்பது. ரெண்டு பேர் முதல்ல வெட்ட மாட்டேன்னாங்க. பாண்டியராஜன் பேரைச் சொன்ன பெறவு வெட்டினாங்க. என்னோட அறுபத்தி நாலுல நாப்பத்தாறு போச்சு. மிச்சம் பதினெட்டு எத்தனை நாளைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது, ஊசி போட்டு வச்சிருக்கேன். கரிவலத்துக்குப் போய் அந்தப் பன்னிரண்டு கன்னையும் என் கையாலேயே தோண்டி எடுத்தேன். அஞ்சுல புழு இருந்துச்சு. வாங்கினவர் என்னை உக்காரச் சொல்லல. நான் தோண்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஒரு ஆட்டோ வந்து உங்க கேட்டுல நின்னுச்சு. பாண்டியராஜனை ஆஸ்பத்திரியில இருந்து விட்டு ரெண்டு வாரம் ஆகுது. ஆறுமுகத்தாயும் மச்சினனும் அவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில வச்சாங்க. கரிசல்ல சக்கரம் ஓடல. மூணாவது மரம் கிடந்த இடம் வரைக்கும் தூக்கிக்கிட்டே வந்தாங்க. எரிக்கிறதுக்காக அதைப் பிளந்து போட்டிருந்தோம். எது என்னைத் தள்ளுச்சுன்னு பாக்கணும்னான்.

நான் ஒரு துண்டை எடுத்து அவன் மடியில வச்சேன். அவன் விரலால நாரைக் கிண்டி ஒரு புழுவை எடுத்தான். கட்டை விரல் தண்டி, மஞ்ச நிறம். உள்ளங்கையில போட்டான். அது அங்கன இங்கன நெளிஞ்சுது. புரட்டிப் போட்டுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

"இதுக்குக் காலே இல்லியே பாய்"னான்.

ஆமா, புழுவுக்குக் கால் கிடையாதுன்னேன். ஆறுமுகத்தாய் அதை அவன் கையில இருந்து வாங்கித் தீயில போட்டா.

போகும்போது அவ எங்கிட்ட நேராச் சொன்னா. மரத்தை வெட்டினது சரி, அதுக்காக எம் புருஷன் நடந்திரப் போறதில்லை, உங்க ரெண்டு பேர் மேலயும் போலீசுல எழுதிக் கொடுக்கப் போறேன்னா. எழுதிக் கொடு தாயின்னேன். அதுக்கு ஆதாரம் வேணும்லான்னா. உங்க டிசம்பர் கடிதத்தை எடுத்து அவ கையில கொடுத்திட்டேன். நீங்க வாயால சொன்னதை இல்லைன்னு சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் காகிதம் காகிதம்தான்.

மார்ச் மூணாம் தேதி நான் எழுதினது உங்ககிட்ட இருக்கு. அது இல்லாம என் பங்குக்குச் சாட்சி கிடையாது. அன்னைக்கு வேலியோரம் வேற யாரும் இல்லை. நாளைக்கு வக்கீல் வச்சா நானே மாத்திப் பேசினாலும் பேசிருவேன், மனுஷந்தானே. ஆறுமுகத்தாய் மே ஏழாம் தேதி புதன்கிழமை சங்கரன்கோவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாரா. பத்து மணிக்கு. நீங்க அந்தக் கடிதத்தைக் கொண்டு போய் அவ கையில கொடுத்திருங்க.

சைஃபுல்லா